சட்டத்தைத் துப்பறிந்த நாவலாசிரியர்

துப்பறியும் நாவல் என்றவுடன் கொலையும் களவும் அவற்றைக் கண்டுபிடிக்கும் சூரனுமே நம்மவர் நினைவிற்கு வருவது வழக்கம். ஆங்கிலத்தில் அத்துறைக்கு வழிகோலியவருள் ஒருவர் வில்க்கி காலின்ஸ் (1824–1889). ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-இல் கவரப்பட்ட வைரத்தைப் பற்றிய அவருடைய 'மூன்ஸ்டோன்' (1868) நாவலைப் புகழ்வோர் பலர். அவருடைய ஏனைய நூல்களைத் தொடுவோரோ சிலரே. அச்சிலவற்றிலேதான் காலின்ஸின் உள்ளம் நன்கு விளங்குகிறது என்பது நம் கருத்து.

இளமையில் அவர் இலண்டனில் ஒரு தேயிலை வணிகரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பேரேட்டோடு போராடும் கிராணிமாராகிய நமக்கு இச்செய்தி இன்பம் தருவதன்றோ! பின்னர்ச் சட்டம் பயின்று 1851-இல் வழக்கறிஞரானார், தொழில் நடத்தினாரில்லை. ஆயினும் கற்ற சட்டத்தையே தம் கதைகளில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

'நோ நேம்', அதாவது 'பெயரில்லார்', 1862-இல் வெளிவந்தது. இரு பெண்களின் தாயும் தந்தையும் அவர்கள் வளர்ந்த பின்னரே சட்டப்படி மணக்கின்றனர். ஏனெனில் தந்தையின் முதல் மனைவி அதுவரை உயிரோடிருந்தாள். அத்திருமணத்தால் தந்தை முன்பு எழுதிய உயில் செல்லாதாகிறது. புதிய உயில் எழுதுமுன் அவர் ரயில் விபத்தில் மாள்கிறார், தாயும் இறக்கிறாள். செல்வமோ பகைமை கொண்ட பெரிய தந்தையைச் சேர்கிறது. இளையவள் மாக்டலென் மாறுவேடம் பூண்டு, பொய்ப்பெயரில் மணம் புரிந்து அதனை மீட்க முயல்கிறாள். வஞ்சனை அவளுடையது, அதற்குத் தூண்டியது சட்டம். இத்தகைய பிள்ளைகளுக்கு, பெற்றோர் பின்னர் மணந்தால் உரிமையுண்டு என இங்கிலாந்து ஒப்பியது 1959-இல்தான்.

'மேன் அண்ட் வைப்' (1870) என்பதில் ஹெஸ்டர் என்னும் சமையற்காரி வருகிறாள். அவள் ஈட்டும் கூலியைக் குடிகாரக் கணவன் பறிக்கிறான். சட்டம் அவனுக்கே துணைநிற்கிறது. அதே 1870-இல் மனைவியின் கூலி மனைவிக்கே என்று சட்டம் பிறந்தது. 1882-இல் அவ்வுரிமை சொத்து முழுமைக்கும் விரிந்தது. நாவல்தான் சட்டத்தை மாற்றியது என்று நாம் கூறவில்லை. மாற்ற வேண்டிய அநீதியைப் பாமரரும் உணரும்படி அது காட்டியது.

கொலை செய்தவன் யார் என்று அறிந்தபின் பல துப்பறியும் கதைகளை மூடிவிடலாம். ஹெஸ்டரை அவ்வாறு மறக்க இயலாது. கூலியைப் பறிகொடுத்த பெண்மக்களை நாம் கண்டதில்லையா? ஆங்கிலம் கற்ற அன்பர்காள்! இந்நூல்களைப் படித்துத் தாமே சுவைத்து மகிழ்தல் போதாது. மாலையில் நாலுபேர் கூடுமிடத்தில், ஆங்கிலம் அறியாத சகோதர சகோதரிகளுக்குக் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.