டேவிட் ஆர்னால்டும் காலனிய மருத்துவ வரலாறும்

இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கும் மருத்துவத்துக்கும் இருந்த உறவை விரிவாக ஆராய்ந்த பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட். அவரது ஆய்வு தொடங்கியது தமிழகத்தில். தமிழ்நாட்டுக் காங்கிரசைப் பற்றிய அவரது நூல் 1977-இலும், சென்னை மாகாணக் காவல்துறையைப் பற்றிய நூல் 1986-இலும் வந்தன. பின்னர் மருத்துவத்துக்கு வந்தபோதும், அரசின் கை மக்கள்மீது எவ்வளவு தூரம் நீளும் என்பதே அவரது அக்கறையாக இருந்தது.

அவருக்கு முன் காலனிய மருத்துவ வரலாற்றில் பெரும்பாலும் மருத்துவ அதிகாரிகளின் குரலே ஒலித்தது. இந்திய மருத்துவப் பணியின் வரலாற்றை 1914-இல் எழுதிய கிராஃபோர்ட், அதே பணியில் இருந்தவர். மாறாக, ஆர்னால்ட் தொகுத்து 1988-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதி பெல்ஜியக் காங்கோவின் உறக்க நோயையும் அமெரிக்க ஆட்சியில் பிலிப்பைன்ஸ் கண்ட காலராவையும் ஒரே நூலில் சேர்த்தது.

அவரது முதன்மையான நூல் 'காலனைசிங் தி பாடி' (1993). மேலை மருத்துவம் நெடுங்காலம் ராணுவ முகாம்களிலும் சிறைகளிலுமே வேரூன்றியிருந்தது என்று அது காட்டுகிறது. வெளியே, பெரியம்மைக்கு வங்காளத்தில் சீதளா தேவியையும் தமிழகத்தில் மாரியம்மனையும் வேண்டினார்கள். வங்காளத்தில் திக்காதார்கள் எனப்பட்ட அம்மை குத்துவோர் பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலில் கீறி ஏற்றிவந்தனர். பசு அம்மையிலிருந்து எடுத்த தடுப்பு மருந்து 1802-இல் பம்பாய்க்கு வந்தது. ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு அதை ஏற்றியதால், சாதித் தீட்டுக்கு அஞ்சியவர்கள் மறுத்தார்கள்.

நூலின் மிக வலிமையான பகுதி பிளேக் பற்றியது. 1896-இல் பம்பாயில் நோய் பரவியதும் வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பயணிகளை, பெண்கள் உட்பட, நிறுத்திச் சோதித்தார்கள். அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை புனேயில் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். எதிர்ப்பு முற்ற, அரசு கட்டாயத்தைத் தளர்த்தியது. மருந்தை மறுத்தவர்களை அறியாமையில் உழன்றவர்கள் என்று ஒதுக்காமல், அவர்களது அச்சத்துக்குக் காரணம் தேடியது ஆர்னால்டின் பெரும் பங்களிப்பு.

பின்வந்தோர் அவரை அப்படியே ஏற்கவில்லை. காலனிய சுகாதாரத் துறையின் கையைக் காசுப் பஞ்சமும் உள்ளூர்ச் செல்வர்களின் எதிர்ப்பும் கட்டிப்போட்டன என்றார் மார்க் ஹாரிசன் (1994). ஆங்கில மருத்துவம் கற்ற வங்காள மருத்துவர்கள் அதைத் தங்கள் மண்ணுக்கேற்ப எப்படி மாற்றினார்கள் என்பதை புரொஜித் பிஹாரி முகர்ஜி 2009-இல் விரிவாக எழுதினார். ஆர்னால்டின் நூலில் இந்த மருத்துவர்களுக்குப் போதிய இடம் இல்லை.