கொப்பியா, போனா? அளுவிகாரையிலிருந்து நமது வகுப்பறை வரை



கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 10, 11 பிள்ளைகளின் பெற்றோர்கள் நேரம் ஒதுக்கி முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற தவணை வரலாற்று விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு விடயம் மனதை உறுத்தியது. ஆண்டு, பெயர், இடம் கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகள் ஓரளவு சரியாக எழுதியிருந்தார்கள். 'ஏன்', 'எப்படி' என்று கேட்ட இடங்களில் பலருடைய விடை இரண்டு வரியோடு நின்றுவிட்டது. சிலர் குறிப்பில் இருந்த வசனத்தை அப்படியே எடுத்து, பாதியில் மறந்து, பாதியிலேயே விட்டிருந்தார்கள்.

அந்தக் குறிப்பை வட்ஸ்அப் குழுவில் பீடிஎஃப் ஆக அனுப்பியவன் நான்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் அது. பாடசாலை திறந்த பிறகும் நான் அதை விடவில்லை. கரும்பலகையில் எழுதும் நேரம் மிச்சம், பாடத்திட்டத்தை முடிக்கலாம் என்று நினைத்தேன். பிழை என்னுடையது, பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

அதே வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு போன். பகலில் அது வாப்பாவோடு கடைக்குப் போய்விடும். இரவில் ஒரு மணித்தியாலம் கையில் கிடைத்தால் குறிப்பைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்வாள். "சேர், எல்லாத்தையும் எழுத நேரம் காணாது. அதனால வாசிச்சு விளங்கினத மட்டும் சுருக்கி எழுதுவேன்" என்றாள். 'ஏன்' கேள்விகளுக்கு வகுப்பிலேயே நிறைவாக விடை எழுதியவள் அவள்தான். ஒரு பிள்ளையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது.

நினைவில் வைப்பதா, எழுதுவதா, எதில் எழுதுவது என்ற கேள்விகள் நமது மாத்தளைக்குப் பழக்கமானவை. டவுனிலிருந்து தம்புள்ளைப் பக்கம் ஏ-9 வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அளுவிகாரை. நம்மில் பலர் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருக்கிறோம், உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. புத்தரின் போதனைகளான திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் பதிக்கப்பட்ட இடம் அதுதான் என்பது பௌத்த மரபு. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா என்று அழைக்கப்படும் வட்டகாமினி அபய மன்னனின் ஆட்சி.

அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகளாகப் பிக்குகள் அத்தனை போதனைகளையும் மனனமாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் ஓத மற்றவர் கேட்டு, குழுக்குழுவாகப் பகிர்ந்து பாதுகாத்தார்கள். அப்படியிருக்க ஏன் எழுதத் தொடங்கினார்கள்? அந்த மன்னன் ஆட்சியை இழந்து 14 ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்தான். நாட்டில் போர். கூடவே கொடிய பஞ்சம். கிழங்கும் இலையும் தின்றுகொண்டு, நிற்க வலுவில்லாமல், படுத்தபடியே பிக்குகள் ஓதலை விடாமல் காத்தார்கள் என்று பாளி உரைநூல்கள் சொல்கின்றன. 'மகாநித்தேசம்' என்ற நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில் மட்டும் எஞ்சியிருந்தது. அவருடைய ஒழுக்கத்தில் குறை கண்டு, அவரிடம் பாடம் கேட்க இன்னொருவர் தயங்கினார். நூல் அழிந்துவிடும் என்பதற்காகக் கடைசியில் போய்க் கற்றுக்கொண்டார். ஓர் ஆள் இறந்தால் ஒரு நூலே போய்விடும் என்ற நிலை. அதன் பின்னர்தான் எழுத்து வந்தது. காலம் கெட்டு வருவதைக் கண்டு பிக்குகள் கூடி நூல்களில் எழுதினார்கள் என்று மகாவம்சமும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறது.

நமது வரலாற்றிலும் இதே போன்ற ஒரு கட்டம் உண்டு. ஹிஜ்ரி 12, அதாவது கி.பி. 633 அளவில், யமாமா போரில் அல்குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானார்கள். இப்படியே போனால் என்ன ஆகும் என்று உமர் (ரழி) கவலைப்பட்டு, கலீபா அபூபக்ர் (ரழி) அவர்களிடம் பேசினார்கள். நபியவர்கள் செய்யாத ஒன்றை எப்படிச் செய்வது என்று அபூபக்ர் (ரழி) முதலில் தயங்கினார்கள். பிறகு ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஸைத் அவர்களே குர்ஆனை அறிந்தவர், வஹீயை எழுதியவர்களில் ஒருவர். அப்படியிருந்தும் பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டவற்றைத் தேடி, மனிதர்களின் உள்ளங்களில் இருந்ததோடு ஒப்பிட்டே திரட்டினார்கள். எழுத்தும் மனனமும் ஒன்றையொன்று சரிபார்த்தன.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் எனக்குப் பாடமாகத் தெரிவது இதுதான். எழுதியவர்கள் அதை முதலில் உள்ளத்தில் வைத்திருந்தார்கள். எழுதி வைத்துவிட்டோம், இனி மனதில் இருக்கத் தேவையில்லை என்று விட்டுவிடவுமில்லை. இன்றும் ஹாபிழ்கள் உருவாகிறார்கள், விகாரைகளில் பிரித் ஓதப்படுகிறது.

அளுவிகாரையில் ஓலையில் எழுதும் முறையை இன்றும் செய்து காட்டுகிறார்கள். தாளிப்பனையின் விரியாத குருத்தோலையை எடுத்து, அவித்து, காயவைத்து, தேய்த்து மெருகேற்றுவார்கள். எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்த பிறகுதான் கறுப்பாகத் தெரியும். இவ்வளவு பாடுபட்டு ஒரு வரி எழுதுபவர் அதை விளங்காமல் எழுதியிருப்பாரா என்று நினைத்துப் பாருங்கள். 1848இல் ஆங்கிலேயருக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி நடந்தபோது அந்த நூலகம் அழிக்கப்பட்டது. ஆனால் நூல்கள் உலகிலிருந்து மறையவில்லை. வேறு இடங்களில் பிரதிகள் இருந்தன, ஓதியவர்களும் இருந்தார்கள்.

என் உம்மும்மா ஓதப்பள்ளியில் மரப்பலகையில் ஓதியவர். லெப்பை ஒரு பாடத்தை எழுதித் தருவார், அதைப் பார்த்து எழுதி ஓத வேண்டும். பாடமான பிறகுதான் பலகையைக் கழுவ விடுவார். கழுவிவிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது, மனதில் இருந்தால் உண்டு. சூடானிலும் மொரிட்டானியாவிலும் இன்றும் பிள்ளைகள் இப்படி மரப்பலகையில் எழுதிக் குர்ஆன் ஓதுகிறார்கள். நமது முன்னோரின் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் அச்சு வந்த பிறகு பெரும்பாலும் கல்லச்சில்தான் வெளிவந்தன. ஒருவர் கையால் எழுதியதே கல்லில் ஏறி அச்சாகும். இயந்திரம் வந்த பிறகும் கை வேலை செய்தது.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் விரிவுரை கேட்டபடி, ஒரு பகுதியினர் மடிக்கணினியிலும் மற்றவர்கள் கையாலும் குறிப்பெடுத்தார்கள். கணினியில் எடுத்தவர்கள் அதிகம் எழுதினார்கள், ஆனால் கேட்டதை அப்படியே தட்டினார்கள். தகவல் கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை. விளக்கம் கேட்ட கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். அப்படியே தட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தும் பழக்கம் மாறவில்லை. என் விடைத்தாள்களில் நான் கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இலும் 2021இலும் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது பரீட்சைப் புள்ளிகளில் அவ்வளவு தெளிவான இடைவெளி கிடைக்கவில்லை. 2024இல் நோர்வேயில் 36 மாணவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் கூடுதலாகச் சேர்ந்து இயங்குவதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வில் தட்டச்சு செய்தவர்கள் ஒரே விரலால் தட்டினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே 'பேனையில் எழுதினால் ஏ நிச்சயம்' என்று யாராவது பகிர்ந்தால் நம்பிவிடாதீர்கள்.

எனக்குப் படுவது இது. கை மெதுவாகப் போகும். எல்லாவற்றையும் எழுத முடியாது. எனவே எதை எழுதுவது, எதை விடுவது என்று பிள்ளை தீர்மானிக்க வேண்டி வருகிறது. அந்தத் தீர்மானம்தான் படிப்பு. கணினியில் தட்டும் பிள்ளையும் தன் சொல்லில் சுருக்கி எழுதினால் பயன் கிடைக்கும். ஆனால் நமது பிள்ளைகளில் பெரும்பாலோர் தட்டுவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. போர்வர்ட் செய்கிறார்கள், கரும்பலகையைப் படம் பிடிக்கிறார்கள், டியூட்டை வாங்கிக் கோப்பில் போடுகிறார்கள். குறிப்பு போனில் இருக்கிறது, பிள்ளையின் மனதுக்குள் ஒரு தடவையும் போகவில்லை.

சில பெற்றோரின் கேள்வியும் நியாயமானது. கொப்பி விலை என்ன? 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. அதனால் நான் எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை. ஒரு பாடத்துக்கு அரைப் பக்கம் போதும், ஒரு பக்கம் அச்சான பழைய தாளின் பின்பக்கம் போதும். எழுதுவதில் சிரமமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் தட்டட்டும், வாயால் சொல்லட்டும். தமிழில் தட்டச்சு செய்யப் பழகுவதும் நாளைய தொழிலுக்குத் தேவைதான். ஆனால் சாதாரண தரமும் உயர்தரமும் இன்னும் பேனையால் எழுதும் பரீட்சைகள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், வரும் தவணையிலிருந்து என் வகுப்பில் பாடம் முடிந்த கையோடு குறிப்பு அனுப்ப மாட்டேன். கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, விளங்கியதைத் தங்கள் சொல்லில் எழுதச் சொல்வேன். அடுத்த நாள்தான் குறிப்பு வரும், எழுதியதோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்காக. "சேர் குறிப்பு அனுப்பவில்லை" என்று பிள்ளை வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். "நீ என்ன எழுதினாய், எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். படிக்காத உம்மாவும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பிள்ளை தடுமாறும் இடம் எதுவோ, அதை மறுநாள் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பலகையில் ஓதிய மூத்தவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு அந்த அனுபவத்தைக் கீழே பதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு உதவும்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. வஸ்ஸலாம்.