பச்சரிசியும் புழுங்கலும்: ஒரு சொல்வேறுபாடும் பெரிபெரி நோயின் வரலாறும்

0. முன்னுரை

பெங்களூரிலுள்ள ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்னும் பெயரும் உண்டு. 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட பெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அகராதி ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் தமிழும் கன்னடமும் பிற மொழிகளும் அன்றாடம் கலந்து வழங்குகின்றன. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இட்லிக்கு ஊறவைப்பது புழுங்கலரிசி. பொங்கலுக்கு உலையிலிடுவது பச்சரிசி. கடைகளிலோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக 'ஸ்டீம் அரிசி' என்னும் மூன்றாம் வகையும் விற்கப்படுகிறது. சமையலறை சார்ந்ததாகத் தோன்றும் இவ்வேறுபாடு, உணவுச்சத்துக் குறைவால் நோய் தோன்றும் என்னும் கருத்து உருவான வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. அத்தொடர்பையும், மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு மறைவதால் நேரும் இழப்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களின் பொருள் எல்லை

'பச்சை' என்னும் அடை நிறத்தை மட்டும் குறிப்பதன்று. பச்சைத்தண்ணீர், பச்சைப்பால், பச்சைமண் ஆகிய வழக்குகளில் அது 'தீயின் வெம்மை படாதது' என்னும் பொருளைத் தருகிறது. பச்சரிசியிலும் அப்பொருளே அமைந்துள்ளது. இதற்கு எதிர்நிலையில் நிற்பது புழுங்கல். புழுங்கு என்பது தன்வினை. புழுக்கு என்பது பிறவினை. புழுக்கல் என்னும் சொல் வேகவைத்த உணவைக் குறித்துச் சங்க நூல்களிலேயே பயில்கிறது. பிற்கால வழக்கில் புழுங்கல் என்பது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன்பின் உமி நீக்கிப் பெறும் அரிசிக்குப் பெயராயிற்று. ஆகவே இவ்விரு பெயர்களும் நெல்லின் இனத்தையோ நிறத்தையோ சுட்டுவன அல்ல. நெல்லுக்குச் செய்யப்பட்ட செயலைச் சுட்டுவன.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நெல்லை அவித்தோர் உயிர்ச்சத்தைக் காக்கும் நோக்குடன் அவித்தனர் என்பதற்குச் சொல்லமைப்பில் சான்று இல்லை. அவித்த நெல் குற்றும்போது எளிதில் நொறுங்காது. உமியும் எளிதில் கழலும். இவையே கண்கூடான பயன்கள். நோய்த்தடுப்பு, அச்செயலுக்கு உரியவர் அறியாமலே கிடைத்த பயனாகும்.

2. மலாயாச் சான்று

அப்பயன் தெளிவாக வெளிப்பட்ட இடம் தமிழகமன்று. தமிழர் தோட்டத் தொழிலாளராகக் குடிபெயர்ந்த மலாயாவாகும். கைகால் மரத்தல், வீக்கம், இதயத் தளர்ச்சி ஆகியவற்றை விளைவிக்கும் பெரிபெரி அங்குப் பரவலாக உயிர் குடித்து வந்தது. சயாம் நாட்டிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரை அந்நோய் பெரிதும் தாக்கியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியதையும் பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர், நோயாளரை ஏறத்தாழ 120 பேர் கொண்ட இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலும் அளித்து ஆய்ந்தார். அவ்வாய்வின் முடிவும் 1907இல் வெளிவந்தது. பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் பிரிவில் அந்நோயால் எவரும் இறக்கவில்லை.

எனினும் காரணம் உடனே விளங்கவில்லை. அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் கருதினார். படேவியாவில் கோழிகளைக் கொண்டு ஆய்ந்த எய்க்மனும் தொடக்கத்தில் அத்தகைய கருத்தையே கொண்டிருந்தார். உணவில் இருப்பதால் அன்றி, இல்லாததால் நோய் வரும் என்பதை 1901இல் கிரெய்ன்ஸ் முன்மொழிந்தார். 1912இல் பங்க் 'வைட்டமின்' என்னும் சொல்லைப் படைத்தார். தமிழில் வழங்கும் 'உயிர்ச்சத்து', அச்சொல்லின் முற்பகுதியிலுள்ள 'உயிர்' என்னும் பொருளைத் தழுவியது.

3. குன்னூர் ஆய்வுகள்

மலாயாவில் கண்ட வேறுபாடு சென்னை மாகாணத்திற்குள்ளேயே நிலவியது. குன்னூரில் மக்காரிசன் 1918இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935இல் அதன் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவர்தம் உடனாய்வாளரும் அரிசியைப் பற்றிய விரிவான அறிக்கையை 1940இல் வெளியிட்டனர். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைபெற்றிருந்தது; புழுங்கல் பெருவழக்காயிருந்த தமிழ் மாவட்டங்களில் அஃது அரிதாகவே காணப்பட்டது.

இதன் விளக்கம் எளிது. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து அரிசியின் புறப்படலத்திலும் முளையிலும் மிகுதியாக உள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினாலும், கழுவினாலும் இழப்பு குறைகிறது. கோபாலனும் உடனாசிரியர்களும் 1971இல் வெளியிட்ட உணவு அட்டவணை, 100 கிராம் அரிசியிலுள்ள தயமின் அளவைப் பின்வருமாறு தருகிறது: கைக்குத்தல் புழுங்கல் 0.27 மில்லிகிராம், ஆலைப் புழுங்கல் 0.21, கைக்குத்தல் பச்சரிசி 0.21, ஆலைப் பச்சரிசி 0.06. ஆலையில் தீட்டிய அரிசிகளுக்குள் புழுங்கலில் உள்ள அளவு பச்சரிசியைப்போல் மூன்றரை மடங்காகும். கைக்குத்தல் அருகி ஆலை பெருகிய காலத்தில் இவ்வேறுபாடே உயிரைக் காத்தது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

மலாயா அறிக்கைகள் புழுங்கலைக் 'கியூர்டு ரைஸ்' என்றன. அங்கு அத்தொடர் 'பதப்படுத்திய அரிசி' எனப் பொருள்படும். நோய் தீர்த்தலோடு அதற்குத் தொடர்பில்லை. இந்திய வணிக ஆங்கிலத்தில் 'பாயில்டு ரைஸ்' என்பது புழுங்கலரிசி. பிற இடங்களின் ஆங்கிலத்தில் அது சோறு. நெல், அரிசி, சோறு என மூன்று சொற்களால் தமிழ் பிரித்துரைப்பதை ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடக்குகிறது. 'ரா ரைஸ்' என்பதைச் 'சமைக்காத அரிசி' என்று பெயர்த்தால் மேற்கண்ட அட்டவணையே பொருளற்றதாகிவிடும். அதிலுள்ள நான்கும் சமைக்காத அரிசிகளே.

'வெள்ளை அரிசி' என்னும் பெயர்ப்பும் இத்தகையதே. அது தீட்டலைக் குறிப்பாக உணர்த்துகிறதேயன்றி, நெல் அவிக்கப்பட்டதா இல்லையா என்பதைக் கூறுவதில்லை. பெரிபெரி பழங்கதையாகிவிடவும் இல்லை. தீட்டிய அரிசியைப் பலமுறை கழுவிச் சமைத்துண்ட தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளிடம் தயமின் குறைவு நோய் இந்நூற்றாண்டிலும் காஷ்மீரில் பதிவாகியுள்ளது. ஆகவே நலவாழ்வுக் கையேட்டில் அரிசிக்கு முன் எந்த அடையை இடுவது என்பது நடையழகு பற்றிய வினாவன்று.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. அரசுத் திட்டங்களின் வழியே இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்த்த அரிசி வழங்கப்படும் என்னும் அறிவிப்பு 2021 ஆகஸ்ட் 15 அன்று வெளியாயிற்று. தமிழில் அது 'செறிவூட்டப்பட்ட அரிசி' எனப்பட்டது. யுரேனியத்திற்கும் தமிழில் இதே வினையே வழங்குகிறது. எதை, எதற்காகச் சேர்த்தனர் என்பதைப் பெயர் உணர்த்தாதபோது, நிறம் மாறிய மணிகளைக் கண்டு 'பிளாஸ்டிக் அரிசி' என ஐயுற்றோரைக் குறைகூற இயலாது.

5. முடிவுரை

உணவுச்சத்து பற்றிய அறிவியல் ஒரு பொருளின் பெயரோடு நில்லாமல், அப்பொருள் பதப்படுத்தப்பட்ட முறையையும் கணக்கிற் கொள்கிறது. தமிழ் வழக்கு அம்முறையைப் பெயரிலேயே பதிவுசெய்துள்ளது. எனவே மொழிபெயர்ப்பாளர் மூல நூலில் அரிசியைக் குறிக்கும் சொல்லைக் காணுந்தோறும், அது அவித்ததா, தீட்டியதா, சமைத்ததா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். விடை கிடைக்குமிடத்துப் பச்சரிசி, புழுங்கல், கைக்குத்தல், சோறு ஆகிய வழக்குச் சொற்களையே ஆளலாம், புதுச்சொல் தேவையில்லை. கன்னடக் கடற்கரையின் குச்சலக்கி போன்ற பிறமொழிப் பெயர்களையும் இம்மூன்று வினாக்களைக் கொண்டே ஒப்பிட்டுத் தொகுக்கலாம். பல மொழிகள் கலந்து வழங்கும் ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகள் அத்தகைய களத் தொகுப்பிற்கு ஏற்றவை.