293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு) என்பது 12 இலக்கங்களைக் கொண்ட முழு எண் ஆகும். இது உயர் பகு எண் என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை எண்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்த சீனிவாச இராமானுசனின் அட்டவணையில் விடுபட்டுப்போன எண் என்பதே இதன் தனிச்சிறப்பு.

வரைவிலக்கணம்

ஓர் எண்ணுக்கு, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இருப்பதைவிட அதிகமான காரணிகள் இருப்பின், அது உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12 ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் காரணிகள் இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண் ஆகும்.

காரணிகள்

இவ்வெண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பின்வருமாறு எழுதலாம்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பகா எண்கள் பெரிதாகும்போது அடுக்குகள் கூடுவதில்லை என்பதைக் கவனிக்கலாம். எல்லா உயர் பகு எண்களுக்கும் இது பொருந்தும். கூடினால், இரு அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு காரணிகளுடைய சிறிய எண் ஒன்றை ஆக்கிவிடலாம். கடைசி அடுக்கு எப்போதும் 1 ஆகவே இருக்கும் என்றும் இராமானுசன் நிறுவினார். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு.

5040 தானும் ஓர் உயர் பகு எண்ணே. அதன் காரணிகள் 60, 60 இன் காரணிகள் 12, 12 இன் காரணிகள் 6, 6 இன் காரணிகள் 4. இவை அனைத்தும் உயர் பகு எண்கள். 4 இன் காரணிகள் 3 என்னுமிடத்தில் இத்தொடர் அறுகிறது.

இராமானுசனின் அட்டவணை

1915 இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான நீண்ட கட்டுரையில் இராமானுசன் 6746328388800 வரையிலான 102 உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த கணக்கு அது. இக்கட்டுரையை அடிப்படையாகக் கொண்டே 1916 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. பட்டியலில் 240940299600 (4800 காரணிகள்), 321253732800 (5376 காரணிகள்) ஆகியவற்றுக்கு இடையில் வரவேண்டிய 293318625600 விடுபட்டது. அவ்விரு எண்களுக்கும் 23 ஒரு காரணி. இடையிலுள்ள இதுவோ 19 உடன் நின்றுவிடுகிறது. இவ்விடுபாட்டினால் கட்டுரையின் தேற்றங்கள் எதற்கும் பாதிப்பில்லை.

போர்க்காலப் பணமுடையால் அக்கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. சான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் அது 1997 இல் வெளிவந்தது.

பிற பண்புகள்

1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். காரணிகளின் கூட்டுத்தொகை 1642243014720; இது எண்ணைப் போல் ஏறத்தாழ 5.599 மடங்கு. எனவே இது ஒரு மிகையெண். ஆயினும் இதனிலும் சிறிய 240940299600 க்கு இவ்விகிதம் சுமார் 5.604 ஆகும். ஆகையால் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் இவ்வெண், கூட்டுத்தொகை விகிதத்தில் முந்துவதில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகையான 45 ஆலும் வகுபடுவதால் இது ஒரு ஹர்சத் எண்ணும் ஆகும்.