‘ஓய்வுநிலை’ என்னும் பொய்ப்பெயர்

அறியாமையின் பிள்ளைகளாகப் பிறந்து, அறியாமை அகன்ற பின்னரும் உயிர்வாழும் பெயர்கள் விஞ்ஞானத்திலும் உண்டு. பிரியாத கலத்தின் கருவுக்கு இடப்பட்ட ‘ஓய்வுநிலைக் கரு’ என்பது அத்தகையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் அறிஞர் வால்டர் பிளெமிங் சாயமேற்றிய கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, பிரியும் கலத்தில் தடித்த கோல்கள் தெளிவாகத் தெரிந்தன. 1888இல் வால்டயர் அவற்றுக்கு நிறமூர்த்தம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிரிவு முடிந்ததும் கோல்கள் மறைந்து மங்கலான வலையே எஞ்சியது. கண்ணுக்குத் தெரிந்த வேலை நின்றது. ஆகவே ஓய்வு என்றனர். தராசில் ஏறிய கொழுந்தே உழைப்பு எனக் கொண்டு, நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் கணக்கை அறிந்த பெல்மதுளைத் தோட்டத்தார்க்கு இத்தருக்கம் புதியதன்று.

உண்மையோ நேர்மாறானது. பிரிவின்போது இறுகிச் சுருண்ட நிறமூர்த்தத்தில் பரம்பரையலகுகள் பெரும்பாலும் வாய்மூடி நிற்கின்றன. அவை வாசிக்கப்படுவதும், டி.என்.ஏ. இரட்டிப்பதும் அந்த ‘ஓய்வில்’தான்.

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. (1956இல் சியோவும் லெவானும் எண்ணிச் சொல்லும்வரை உலகம் 48 என்றே பாடம் படித்தது.) அவற்றின் டி.என்.ஏ.யை நீட்டிக் கோத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அதனை அடக்கிய கருவோ மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு அகலமே. எட்டுப் புரதங்கள் சேர்ந்த சிற்றுருளைகளைச் சுற்றியவாறு இவ்விழை செல்கிறது என்பதை 1974இல் ரொஜர் கோன்பேர்க் விளக்கினார்.

அவ்வாறாயின் 46 இழைகளும் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடக்கின்றனவா? இல்லை என்று ராப்ல் 1885லேயே கருதினார். பொவேரி 1909இல், குதிரைக் குடற்புழுவின் முளையங்களைச் சான்றாக்கி, ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் எல்லைக்குள் வாழ்கிறது என்றார். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எல்லைகள் தென்படாமையால் அக்கருத்து பின்னர் ஒதுக்கப்பட்டது. பெரிய கருவி எப்பொழுதும் பெரிய உண்மையைக் காட்டுவதில்லை! 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் கிரேமர் சகோதரர் லேசர் கதிரால் கருவில் ஒரு சிறு புள்ளியை மட்டும் காயப்படுத்தினர். இழைகள் கலந்து கிடந்திருப்பின் காயம் பல நிறமூர்த்தங்களில் சிதறியிருக்கும். சிலவற்றிலேயே அது காணப்பட்டது. பின்வந்த நிறந்தீட்டும் முறைகள் எல்லைகளைக் கண்ணெதிரே காட்டின. மனிதரின் வெண்குருதிக் கலங்களில், பரம்பரையலகுகள் செறிந்த 19ஆம் நிறமூர்த்தம் நடுப்பகுதியிலும் அவை அருகிய 18ஆம் நிறமூர்த்தம் ஓரத்திலும் அமைந்துள்ளன.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1949இல், கனடாவில் பாரும் பேர்ட்ராமும் பூனையின் நரம்புக் கலங்களில் ஒரு கரும்பொட்டைக் கண்டனர். பெண்பூனைகளுக்கே அது உரியது. பெண்ணின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று அடங்கிச் சுருண்டு கிடப்பதே அப்பொட்டு. அவ்வடக்கத்தின் விளக்கத்தை 1961இல் மேரி லயன் அளித்தார்.

ஆய்வுகூடத்தைவிட்டு வெளியேறியதும் இப்பொட்டு அனுமதிச் சீட்டாகியது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வீராங்கனையரின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டிப் பொட்டைத் தேடினர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தும் எக்ஸ், வை நிறமூர்த்தங்களைக் கொண்டோர் உளர் என்பதை மருத்துவம் அறிந்திருந்தும் இது நடந்தது. 1985இல் ஸ்பெயினின் மரியா மார்ட்டினெஸ் பட்டினோ இவ்வாறே விலக்கப்பட்டார்; 1988இல் அவரது உரிமை மீண்டது. ஒலிம்பிக் குழு 1999இல் யாவரையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது.

சோதனை போயினும் சந்தேகம் போகவில்லை. நம் தோட்டத்து மக்கள் பலரின் மூதாதையர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையில், செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றர் ஓட்டத்தில் அவர் வென்ற வெள்ளிப் பதக்கம், பாற்சோதனையொன்றின் பின் பறிக்கப்பட்டது. பதக்கத்தோடு பிழைப்பும் போயிற்று. பெற்றோர் உழைத்த சூளையிலேயே அவரும் கூலிக்கு நின்றார். பின்னர் பயிற்றுநராகப் பணியாற்றினார். நுணுக்குக்காட்டியின் தீர்ப்பு எவர் வீட்டு அடுப்பை அணைக்கிறது என்பதை அதிகாரிகள் ஆராய்வதில்லை.

2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் மகளிர் பிரிவில் ஓட விரும்புவோரின் கன்னத்துக் கலங்களையோ குருதியையோ உலகத் தடகள அமைப்பு மீண்டும் கேட்கிறது. இம்முறை தேடப்படுவது பொட்டன்று. வை நிறமூர்த்தத்தின் ஒற்றைப் பரம்பரையலகு.