தனுஷ்கோடி: கணக்கும் நினைவும்

இராமேசுவரம் தீவில் எழுபதைத் தாண்டியவர்களிடம் வயதைக் கேட்டால் பிறந்த ஆண்டைச் சொல்பவர்கள் குறைவு. “புயலடிச்சப்ப நான் நாலாப்பு படிச்சேன்” என்பார் ஒருவர். “புயலுக்கு மறு வருசந்தான் எனக்குக் கல்யாணம்” என்பார் இன்னொருவர். எந்தப் புயல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாம்பனில் எத்தனையோ முறை புயல் கூண்டு ஏறி இறங்கிவிட்டது. ஆழிப்பேரலையும் வந்தது, ஒக்கியும் கஜாவும் வந்து போயின. அடைமொழி எதுவும் இல்லாமல் ‘புயல்’ என்றால், அது 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு தனுஷ்கோடியை அழித்த புயல்தான்.

அதன் பாதையை வானிலைத் துறை பதிந்து வைத்திருக்கிறது. டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் தாழ்வழுத்தமாகத் தொடங்கி, 19-ஆம் தேதி கடும்புயலாகி, மேற்கு நோக்கி ஏறத்தாழ நேராக நகர்ந்தது. 22 அன்று இலங்கையில் வவுனியாப் பகுதியைக் கடந்து, நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியில் ஏறியது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை வீசியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அலை ஏறக்குறைய 7 மீட்டர் எழுந்தது. தனுஷ்கோடியின் நிலத்தை அறிந்தவர்களுக்கு அந்த 7 மீட்டரின் பொருள் உடனே விளங்கும். தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா, வடக்கே பெண்கடல் எனப்படும் பாக் நீரிணை. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்பரப்பு, அதன் மேல் ஓர் ஊர். அன்றிரவு இரண்டு கடலும் ஊருக்கு மேலே ஒன்றாயின. இரு கரைகளிலும் சேர்த்து மாண்டவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு அது தொடக்கத்திலிருந்தே பாழாகக் கிடந்த இடம்போலத் தோன்றிவிடுகிறது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். இந்தத் தொடர்பயணத்தைத்தான் மக்கள் ‘போட் மெயில்’ என்றார்கள். இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களின் பெயர்கள் இன்னும் வயதானவர்கள் வாயில் வரும். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், துறைமுக அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களில் எத்தனையோ பேர் இந்திய மண்ணைக் கடைசியாகப் பார்த்தது இந்த மணலில் நின்றுதான். கப்பல் வரும் நேரத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது: சுமைகூலிகள், காபிக்கடைக்காரர்கள், கருவாட்டு வியாபாரிகள், ரயில்வே கலாசிகள், வலைக்காரர்கள்.

இனி, அன்றிரவு அலையில் போன ரயில். 653-ஆம் எண் பாம்பன்-தனுஷ்கோடி பயணிகள் வண்டி 22-ஆம் தேதி இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது. ரயில்வே கணக்கில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும். தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜத் தொலைவில் பேரலை அந்த வண்டியை விழுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. கம்பிகள் அறுந்துபோயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி உடனே எட்டவும் இல்லை.

115 என்ற எண்ணைக் கரையில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. இருநூறு பேருக்குக் குறையாது என்பார்கள். பயணச்சீட்டு வாங்காமல் ஏறுவது அந்தத் தடத்தில் அன்றாட வழக்கம்; கைக்குழந்தைக்குச் சீட்டே கிடையாது; கூடையோடு ஏறும் மீன்காரப் பெண்ணை எவரும் இறக்கிவிட்டதில்லை என்று காரணமும் சொல்வார்கள். இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ரயில்வே தன் சீட்டுகளை எண்ணியது. ஊர் தன் ஆட்களை எண்ணியது. சீட்டில்லாத ஒருவர் அந்த வண்டியில் ஏறியதற்கு, அவரைப் பாம்பனில் வழியனுப்பியவரின் நினைவைத் தவிர வேறு சாட்சி எது?

வண்டி எப்படிப் போனது என்பதற்கும் ஊரில் ஒரு விவரிப்பு உண்டு. நிலையத்துக்கு வெளியே கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் காத்திருந்து பார்த்தார். பிறகு நீளமாக ஊதிவிட்டு இருட்டுக்குள் மெல்ல நகர்த்தினார். பல கட்டுரைகளிலும் இது இடம்பெற்றுவிட்டது. வண்டியில் இருந்த ஒருவரும் மிஞ்சாதபோது இதைப் பார்த்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். ஊதல் ஒலியை ஊருக்குள் யாரேனும் கேட்டிருக்கலாம். விளக்கு எரியாதது நிலையத்தில் இருந்து தப்பியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். மற்றதை, அந்த ஐந்து ஊழியர்களின் மேல் பழி விழக் கூடாது என்ற அக்கறை நிரப்பியிருக்கும் என்பது என் எண்ணம். கண்மூடித்தனமாக ஓட்டவில்லை, நின்று பார்த்தார், எச்சரித்தார் என்று சொல்லும்போது ஊர் அந்த ஓட்டுநரை நல்லபடியாக அடக்கம் செய்கிறது.

நினைவின் இந்த வேலையை இன்னும் துலக்கமாகக் காட்டும் சான்று இத்தீவின் மிகப் புகழ்பெற்ற மகனிடமே கிடைக்கிறது. அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லத் தந்தை கட்டிய படகைப் பற்றிச் சொல்கிறார். அதை ஒரு புயல் கொண்டுபோன செய்தியைச் சொல்லும் இடத்தில், பாம்பன் பாலம் பயணிகளோடு ஒரு ரயிலைச் சுமந்தபடி இடிந்ததையும் சேர்த்தே சொல்கிறார். நூலின் வரிசைப்படி அது அவருடைய சிறுவயது, 1930-கள். ரயில் அழிந்ததோ 1964-இல். அப்போது அவருக்கு 33 வயது, தும்பாவில் ராக்கெட் பணி தொடங்கிவிட்டது. அந்த வண்டி பாலத்திலிருந்து விழவும் இல்லை. பாலத்தைப் பின்னால் விட்டு, தனுஷ்கோடிக் கிளைத் தடத்தின் முனையருகே அழிந்தது. அன்றிரவே பாலமும் உடைந்ததால், ரயில் பாலத்தோடு விழுந்தது என்று இன்றும் மாவட்டத்தில் பலர் நம்புகிறார்கள். தந்தையின் படகு போன இரவையும் ஊர் போன இரவையும் கலாமின் நினைவு ஒரே இரவாக்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வாய்மொழி வரலாற்றில் இதற்கு நன்கு அறியப்பட்ட ஒப்புமை ஒன்று உண்டு. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான ஊர்வலத்தில் காவல்துறையால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அந்நகரத் தொழிலாளர்களின் நினைவுகளைத் திரட்டிய அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி, பலரும் அந்தச் சாவை 1953-இல் ஆலையில் நடந்த பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்துச் சொல்வதைக் கண்டார். அதைப் பிழை என்று திருத்திவிட்டுப் போகாமல், ஏன் அந்த ஆண்டுக்கு நகர்த்தினார்கள் என்று கேட்டார். அவர்கள் வாழ்வை முறித்தது 1953. அந்தச் சாவுக்கு உரிய இடம் அங்கேதான் என்று அவர்கள் மனம் கருதியது. சேதுக்கரைக் குடும்பம் ஒன்றுக்குப் படகு போவதும் அப்படிப்பட்ட முறிவுதான். அதன் பாரத்தைச் சொல்ல 1964-ஐவிடச் சிறிய புயல் எதுவும் போதுமானதாக இல்லாமல் போயிருக்கலாம். ஆண்டையும் தடத்தையும் நாம் திருத்தித்தான் எழுத வேண்டும். திருத்தும்போதே, ஏன் இப்படி நினைவில் நின்றது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பாலத்தின் கதையை நாடு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. நடுவே கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி தாங்கி நின்றது. ஆறு மாதத்தில் சீரமைக்க வேண்டும் என்று ரயில்வே இலக்கு வைத்தது. பிறகு அது மூன்று மாதமாகச் சுருங்கியது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், மூழ்கிய கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டு மறுபடி பொருத்தி, 46 நாளில் பாலத்தில் ரயிலை ஓடவைத்தார். கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் பின்னால் வந்தவை. அவர் பெயர் முதலில் நிலைத்தது இங்கேதான். பெருமைக்குரிய செயல், சந்தேகமில்லை. அந்த 46 நாளும் அலையில் நின்று கயிறு இழுத்த கலாசிகளின் பெயர்களும் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

பாலம் திரும்பி வந்தது, தனுஷ்கோடி வரவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அதை அறிவித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தடம் மீண்டும் போடப்படவில்லை. இராமேசுவரமே கடைசி நிலையமாயிற்று. கப்பலும் இராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டு, இலங்கைப் போர் மூண்ட 1980-களில் நின்றது. அறிவிப்பு அறிவிப்பாக இருக்க, மீன்பிடிக் குடும்பங்கள் சில அந்த மணலுக்கே திரும்பி வந்தன. பட்டா இல்லாமல், மின்சாரம் இல்லாமல், ஓலைக் குடிசையில் குடியிருந்து கரைவலை இழுத்தார்கள். மணலில் கையால் ஊற்று தோண்டினால் சில அடியில் நல்ல தண்ணீர் சுரக்கும். பெண்கள் அதைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்பினார்கள். இருபுறமும் உப்புக்கடல் இருக்கும் இடத்தில் எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டலாம், எந்த அளவுக்கு மேல் போனால் உப்பு ஏறும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்து, வேன் வேனாகச் சுற்றுலாக் கூட்டம் இறங்குகிறது. ‘பேய் நகரம்’ என்று அந்த இடத்துக்குப் பெயர் சூட்டுபவர்கள், அங்கே சங்கும் மீனும் விற்று உட்கார்ந்திருப்பவர்களையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆள் குடியிருக்கும் ஊரைப் பேயூர் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

புயல் பற்றிய பேச்சில் இன்றும் சட்டென்று வருவது, அந்த நாளில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இராமேசுவரத்தில் இருந்து தப்பிய செய்தி. இராமநாதசாமி கோயில் பிராகாரத்தில் ஒண்டிக்கொண்டவர்கள் பிழைத்ததும், கோதண்டராமர் கோயில் நீர் சூழ்ந்தும் நின்றதும் அடுத்து வரும். வீட்டுப் பெண்களிடம் கேட்டால் வேறொரு வரிசை கிடைக்கும். யார் கையிலிருந்த பிள்ளை நழுவியது, எந்த மணல்மேட்டில் விடிந்தது, குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், ஒதுங்கிய உடல்களை எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று அது போகும். தாலியும் வளையலும் சேலைக் கரையும்தான் அங்கே ஆவணம். உடல் கிடைக்காத வீடுகளில் திதி எந்த நாளில் கொடுப்பது என்ற கேள்வியும் உண்டு. இவை எழுத்தில் ஏறியது மிகக் குறைவு.

மறு கரையையும் மறந்துவிடுகிறோம். அதே புயல் திருகோணமலை, மன்னார், முல்லைத்தீவுப் பகுதிகளை உலுக்கிவிட்டுத்தான் இங்கே வந்தது. அவர்களும் தமிழில்தான் அழுதார்கள். நேரத்தையும் கவனிக்க வேண்டும். மலையகத் தமிழர்களில் பல லட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதற்கான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய துறை கடலுக்குள் போய்விட்டது. பேரப்பிள்ளைகள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த தனுஷ்கோடியைத் தேடி ஏமாந்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். அந்த நினைவுகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் சிதறிக் கிடக்கின்றன.

இந்த மலரை வெளியிடுபவர்களுக்கு என் வேண்டுகோள் நேரடியானது. அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று ஊர் ஊராகப் போய், பழைய தனுஷ்கோடியின் தெருக்களை அவர்கள் சொல்லச் சொல்ல வரைபடமாக்க வேண்டும். நிலையத்துக்கு எதிரே யார் கடை, அதற்கடுத்து யார் வீடு, அந்த வீட்டில் அன்றிரவு எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். ரயிலில் போனவர்களின் பெயர்ப்பட்டியலைக் குடும்பங்கள் சொல்வதைக் கொண்டே தொடங்கலாம். சீட்டு வாங்கியவர், வாங்காதவர் என்ற பிரிவு அதில் வேண்டாம். இருவர் முரண்பட்டுச் சொன்னால் இரண்டையும் தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம். மாவட்டத்துக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ்த் துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதைத் தொடங்கிவிட முடியும். முதலில் வயது முதிர்ந்தவர்களிடம் போகட்டும், அவர்களிலும் பெண்களிடம் முதலில் போகட்டும்.