மாற்று உரைக்காத ரூபிள்

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கல்வெட்டு சொல்லும் ஊர்ச் சபையில் பொன் வாரியம் என்று ஒன்றும் இருந்தது. புழக்கத்திலிருந்த பொன்னின் மாற்றைச் சோதிக்கும் பொறுப்பு அதனுடையது. அந்த ஊர் பிறகு சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், ஆயிரம் ஆண்டு கழித்து, உரைகல்லில் ஏறாத ஒரு நாணயத்தை நம்பித் தொழிற்சாலைகள் ஓடின. அதுதான் சோவியத் ரூபிள்.

1949இல் மாஸ்கோ தலைமையில் அமைந்தது கோமிகான் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு. அதன் உறுப்பு நாடுகளுக்குள் பணம் பெயரளவுக்குத்தான். ஹங்கேரி பஸ் அனுப்பும், ரஷ்யா எண்ணெய் அனுப்பும். பற்றும் வரவும் நேரானால் போதும். மிச்சம் நிற்கும் ரூபிளை எந்த வங்கியிலும் டாலராக்க முடியாது.

இந்தியாவுடன் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 1953 டிசம்பரில் முதல் வர்த்தக ஒப்பந்தம். 1950களின் இறுதியில் பட்டுவாடா ரூபாய்க்கு மாறியது. மிக் விமானத்துக்கும் டாங்கிக்கும் நாம் கொடுத்த ரூபாயை மாஸ்கோ இங்கேயேதான் செலவழிக்க வேண்டும். அதனால் தேயிலை, பனியன், தோல், தொழிலில் ‘அப்பர்’ என்று சொல்லும் ஷூவின் மேல்பாகம் எல்லாம் கப்பலேறின. ஆவடியில் டி-72 டாங்கி உருவானது. நந்தம்பாக்கத்தில் சோவியத் உதவியோடு அறுவைச் சிகிச்சைக் கருவிகள் ஆலை வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்பான தாள். நோட்டுக்கு அட்டை போட அதற்கு இணை இல்லை.

1991 ஜனவரியில் கோமிகான் நாடுகள் உலகச் சந்தை விலைக்கும் டாலருக்கும் மாறின. ஜூனில் கோமிகான் கலைந்தது, டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை. 1990-91இல் நம் ஏற்றுமதியில் சுமார் ஆறில் ஒரு பங்கை வாங்கிய நாடு அது. இரண்டே ஆண்டில் ரஷ்யாவின் பங்கு மூன்று சதவீத அளவுக்கு விழுந்தது. தரம் பார்க்காமல் வாங்கிய வாடிக்கையாளரை நம்பியிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

மாஸ்கோவுக்கு நாம் தர வேண்டிய பழைய பாக்கி மட்டும் கரையவில்லை. 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்த்சின் டெல்லி வந்தபோது ரூபிள் சந்தையில் பத்துப் பைசாகூடப் பெறாது. ஆனாலும் கடனில் 63 சதவீதத்தை, ரூபிளுக்குச் சுமார் 20 ரூபாய் என்ற 1990ஆம் ஆண்டு விகிதத்தில், 12 ஆண்டுகளில் அடைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. மீதி 37 சதவீதத்துக்கு வட்டியில்லாமல் 45 ஆண்டு தவணை.

இதை நட்புக்குக் கொடுத்த மரியாதை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிக்குக்கும் டாங்கிக்கும் உதிரிபாகம் அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருப்பவர் விலை பேச முடியாது.